பிடியில் சுடும் பெயர்

— கையில குடுக்க மாட்டேம்பா. கத்திய கைக்குக் கை மாத்துனா பகை வரும். இந்தா, பலகை மேல வெச்சிட்டேன். நீயா எடுத்துப் பாரு.

— சரிம்மா.

— கூட்டேரிப்பட்டு ரோட்டோரம் பூரா கடை இருக்கு. எவன் கடையில வேணா போய்க் கேளு, கலையரசி கடைக் கத்தி மாதிரி வருமான்னு. திண்டிவனத்துல எங்க வூட்டுக்காரரு அடிக்கிறாரு, இங்க நான் விக்கறேன். நடுவுல ஆளு கெடையாது, பொய்யும் கெடையாது. எதுக்கு வேணும், கரும்புக்குதான?

— ஆமாம்மா. கண்டமங்கலம் பக்கம் வெட்டு. லாரி இங்கதான் ஆளு ஏத்துது, பதினோரு மணிக்கு.

— இப்பவே பத்து ஆவப் போவுது. கத்தி இல்லாமயா லாரிக்கு வந்த?

— இல்லம்மா. மேஸ்திரி சொல்லிட்டாரு. கத்தியோட வந்து எம் முன்னால பத்து கழி வெட்டிக் காட்டு, வெட்டுனா ஏத்தறேன், இல்லன்னா இங்கியே நில்லுன்னு.

— நீ என்னா புது ஆளா, வெட்டிக் காட்ட?

— பழைய ஆளுதாம்மா. பதினாறு வயசுலேருந்து கரும்புதான். கையில அடி பட்டுப் போச்சி, அதான் நம்ப மாட்டேங்கறாரு.

— துண்டுக்குள்ள மறைச்சி வெச்சினுகீறியே, அந்தக் கையா? என்னா ஆச்சி?

— டிராக்டர் ஏறிட்டுதும்மா.

— அய்ய. காட்டு பாக்கலாம்.

— வேணாம்மா. காலையில பாக்கற மாதிரி இருக்காது.

— போவட்டும் உடு. எடங்கைதான, போனா என்னா. சோறு திங்கற கை நல்லாதான இருக்கு?

— இருக்கும்மா. நல்லாதான் இருக்கு.

— ஜோடி இருக்குதா? ஒண்டி ஆள மேஸ்திரிங்க ஏத்த மாட்டாங்களே. ஆம்பள வெட்டணும், பொம்பள கட்டு கட்டணும்.

— இருக்கும்மா. அதோ, ரோட்டுக்கு அந்தாண்ட மூட்டை மேல ஒக்காந்திருக்குது பாருங்க. நான் லாரி ஏறுனாதான் அதுவும் ஏறும். ரெண்டு வருஷமா ஜோடி இல்லன்னு அத எவனும் வேலைக்கு இட்டுக்கினு போவல.

— ரெண்டு வருஷமா நீ எங்க போயிருந்த?

— வேற ஊருல இருந்தேம்மா.

— கூப்புடு அந்தப் பொண்ண. வெயில்ல ஏன் ஒக்காந்துக்கினு கீது? பானையில தண்ணி இருக்கு, வந்து குடிக்கச் சொல்லு.

— கூப்ட்டேம்மா. இந்தக் கடைக்கு மட்டும் வர மாட்டேங்குது. வேற கடையில வாங்கேன்னுது. ஏன்னு கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்குது.

— அய்ய, என்னா வீறாப்பு! நான் என்னா புடிச்சித் திங்கவா போறேன். சரி, நீ கத்தியப் பாரு.

— இது தகடும்மா.

— என்னாது?

— நகத்தால சுண்டுனா சத்தமே வரல. தகரக் கடையில வெட்டி எடுத்து சாயம் போட்டது. ரெண்டு நாளு வெட்டுனா வாய் மடங்கிக்கும்.

— பரவால்லியே, சுண்டிப் பாக்கறியே. டேய் வல்லரசு, சாணைய நிறுத்துடா. அந்த மேல வரிசைல இருக்கறத எடு. இந்தாளு வெவரமான ஆளு.

— இன்னாக்கா நீ, காலங்காத்தால பேஜாரு பண்ற. அண்ணே, உனுக்கு இன்னா பட்ஜெட்டு? இத பாரு. பாரின் மாடலு. செஞ்சி மலை ஏற்ற பசங்க, கேம்ப் போட்ற பசங்கல்லாம் பைக்க நிறுத்தி இதத்தான் வாங்கினு போறானுங்க. ரப்பர் பிடி. முதுவுல ரம்பம். உறையோட வருது, பெல்ட்டுல மாட்டிக்கினு போய்க்கினே இருக்கலாம்.

— இதுல கரும்பு வெட்ட முடியுமாப்பா?

— ஆப்பிள் வெட்லாம்ண்ணே.

— டேய், அத உள்ள வையி. ரம்பம் வெச்ச கத்திய வெச்சிக்கினு இவன் என்னா போட்டோவா எடுக்கப் போறான்? இந்தாப்பா, இதப் பாரு. லாரிப் பட்டை. பழைய லாரிக்கு அடியில வில்லு மாதிரி வளைஞ்சி கெடக்குமே, அந்தப் பட்டைய அறுத்து, காய்ச்சி, அடிச்சது. சுண்டு.

— ம். கிண்ணுன்னு வருது.

— வருமா வராதா? புளியங்கட்டை பிடி. பட்டையோட வாலு, அதான் காம்பு, பிடி முழுக்க உள்ள ஓடி, அடியில வந்து மடங்கியிருக்கு பாரு. பாதிக் காம்பு வெச்சி அரக்கு ஊத்தி ஏமாத்தறது எங்க வேலை கெடையாது. பாதிக் காம்புக் கத்தி, ஓங்குற வேகத்துல கழண்டு எதுத்தாப்புல இருக்கறவ நெத்தியில போயி நிக்கும். இந்தத் துண்டுக் கரும்பு வெட்டிப் பாக்கத்தான் வெச்சிருக்கேன். வெட்டு.

— வெட்டறேம்மா.

— அய்ய அய்ய அய்ய! பலகைய வெட்டிட்டியே. பதினாறு வயசுலேருந்து கரும்புன்ன?

— இன்னொரு தடவ வெட்டறேம்மா.

— டேய் வல்லரசு, பாருடா. பொம்பளப் புள்ள கோலம் போடற மாதிரி வெட்டறான். இதப் பாத்தா மேஸ்திரி லாரில ஏத்த மாட்டாரு, லாரிக்கு அடியில தள்ளுவாரு.

— சிரிக்காதக்கா. அண்ணே, கத்திய இறுக்கிப் புடிக்காத. சுண்டு வெரலு மட்டும் இறுக்கமா இருக்கட்டும், மத்த வெரலு லூசா உடு. இப்டி. பாத்தியா?

— தம்பி, நீ எடங்கையா?

— அவன் ரெண்டு கையாலயும் பண்ணுவான். உனக்கு என்னாத்துக்கு அது? உன் கையப் பாரு நீ.

— இல்லம்மா. அப்பவே பாத்தேன், எடங்கையால சாணை புடிச்சிக்கினு இருந்துது. லட்சணமா இருந்துது. அதான் கேட்டேன்.

— வேற கத்தி பாக்கறியா, இதையே தரவா?

— அந்த மூலையில ஆணில தொங்குதே, அது?

— எது? அதுவா. அது பழைய பட்டைப்பா. பிடி மட்டும்தான் புதுசு.

— அக்கா, அத இன்னும் தொங்க உட்டு வெச்சினுகீறியா? உருக்கிடுன்னு எத்தினி தபா சொன்னேன் மாமாகிட்ட!

— அவரு உருக்கறேன்னுதான் சொன்னாரு. நான்தான் வேணாம்னேன். நல்லா முத்துன பட்டை, தூக்கிப் போட மனசு வரல. இந்தாப்பா, பலகை மேல வெச்சிட்டேன். எடு.

— வெட்டிப் பாக்கட்டுமாம்மா?

— பாரு.

— ...

— அடேங்கப்பா! டேய், பாத்தியா? ஒரே வீச்சு. சொத்தைக் கையி வெச்சிருக்கறவன் வெட்ற வெட்டா இது?

— கனம் முன்னால இருக்கும்மா. நான் ஓங்க வேணாம், அதுவே கொண்டு போவுது. இன்னொண்ணு வெட்டறேன்.

— வெட்டு வெட்டு. அது உனக்குன்னே தொங்கிக்கினு இருந்துதுபோல.

— ஒரு சந்தேகம்மா. கரும்புக் கத்திக்கு ஒரு பக்கம்தான தேய்ப்பாங்க? வலங்கைக்காரனுக்கு ஒரு பக்கம், எடங்கைக்காரனுக்கு இன்னொரு பக்கம். இதுல ரெண்டு பக்கமும் தேஞ்சிருக்கே.

— நல்லா கண்ணு வெச்சிருக்கடா நீ. அது மொதல்ல எடங்கைக் கத்தி. அப்பறம் அந்தப் பக்கத்த மழுக்கிட்டு இந்தப் பக்கம் வாய் எடுத்தோம். வேலைக்கு ஒண்ணும் கொறையில்ல.

— இல்லம்மா, கொறைன்னு சொல்லல. எடங்கைக்காரனுக்கு தனியா கத்தி அடிப்பீங்களா?

— யாருக்கு அடிக்கறோம்? லட்சத்துல ஒருத்தன் வருவான். எங்க வூட்டுக்காரரு பட்டறை போட்டதுலேருந்து அடிச்சது ரெண்டே ரெண்டு. அதுல ஒண்ணுதான் பெரிய கேஸு ஆயிப் போச்சி. பேப்பர்லகூட வந்துது.

— அக்கா, அந்தக் கதை இப்ப எதுக்கு?

— ஊருக்கே தெரிஞ்ச கதைதானடா. நீ சாணையப் புடி. என்னா நடந்துதுன்னா கேளு... உக்காரு, லாரிக்கு நேரம் இருக்கு. ஆனந்தராஜுன்னு ஒரு ஆளு, டிராக்டரு, கரும்பு எல்லாம் இருக்கறவரு. அவரு வயல்ல வெட்டு முடிஞ்சி காஞ்ச கரும்புச் சோகை கொளுத்திக்கினு இருக்காங்க. பொகையின்னா பொகை, பக்கத்துல நிக்கற ஆளு தெரியல. அந்தப் பொகைக்குள்ள ஒருத்தன் பூந்து அவரு தோள்பட்டைல ஒரே போடு. காது பாதி தொங்கிப் போச்சி.

— ஆளு யாருன்னு தெரியலயா?

— மூஞ்சி தெரியல. எடங்கையால ஓங்குனான்னு மட்டும் ஆனந்தராஜு சொல்லிட்டாரு. கத்திய அங்கியே போட்டுட்டு ஓடிட்டான். போலீசு அந்தக் கத்திய எடுத்துக்கினு கடை கடையா சுத்துது. இங்கியும் வந்துது. இதே பலகை மேல வெச்சி, யாருக்கு செஞ்ச கத்தி இது, சொல்லுன்னாங்க.

— சொல்லிட்டீங்களா?

— சொல்லாம? மண்ணாங்கட்டின்னேன்.

— மண்ணாங்கட்டியா?

— சிரிப்பு வருதுல்ல? அவங்களும் சிரிச்சாங்க. யார திட்றன்னு கேட்டாங்க. பேரே அதான் சார்னேன். மயிலம் பக்கம் காலனிக்காரன் ஒருத்தன். முன்னால பொறந்ததெல்லாம் செத்துப் போச்சின்னு குப்பையில பொரட்டி அந்தப் பேர வெச்சிருக்காங்க. அவனுக்கு எங்க வூட்டுக்காரருதான் எடங்கைக் கத்தி அடிச்சிக் குடுத்தாரு. நான் அவன் மூஞ்சியக்கூட பாத்ததில்ல, எல்லாம் திண்டிவனத்துப் பட்டறையோட சரி. பேரு மட்டும் மறக்கல. மறக்கற பேரா அது?

— இல்லம்மா. மறக்கற பேரு இல்ல.

— அவன் நேரம், அன்னைக்கி அதே வயல்லதான் வேலையில இருந்திருக்கான். புடிச்சிக்கினு போயிட்டாங்க.

— அவன் ஒத்துக்கினானா?

— எங்க ஒத்துக்கினான். எங் கத்தி பிடி ஆடுதுன்னு பட்டறையில குடுத்துட்டேன், அன்னைக்கி கத்தியே இல்லாம கட்டுதான் கட்டுனேன்னு ஒரே கத்தலாம். அதே கத்தல வெச்சிக்கினு எத்தினி நாளு தாங்குவான்? எந்தக் கையால வெட்டுனன்னு கேட்டாங்களாம். நான் வெட்டலன்னானாம். சரி, வெட்டாத கை உனுக்கு எதுக்குன்னுட்டு, அந்த எடங்கைய ரெண்டு செங்கல்லு மேல வெச்சி...

— அக்கா!

— என்னாடா அக்கா? ஏட்டு ஒருத்தரு இங்க டீ குடிக்க வரும்போது சொன்னாரு. சொல்லிட்டு அவரே சிரிக்கிறாரு. அதுக்கப்பறம் அவன் எந்தக் காயிதத்த நீட்டுனாலும் கைநாட்டு வெச்சானாம், வலது கட்டை வெரலால.

— அப்டிங்களா.

— பின்ன? முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயி கட்டு போட்டுட்டு அப்பறம்தான் உள்ள தள்ளுனாங்க. இன்னும் உள்ளதான் இருப்பான்.

— அந்தாளு பட்டறையில குடுத்தேன்னானே, அத போலீசு வந்து கேக்கலியாம்மா?

— கேட்டாங்க. அதே ஜீப்ல வந்து கேட்டாங்க. இல்ல சார், எங்ககிட்ட எவனும் எந்தக் கத்தியும் தரலைன்னேன்.

— உங்க வூட்டுக்காரரு?

— அன்னைக்கி அவரும் கடைக்கு வந்து பக்கத்துல நின்னுக்கினு இருந்தாரு. அவரு வாயத் தெறக்கல. தெறந்தா என்னா ஆவும்னு அவருக்குத் தெரியும். ஜீப்பு போனப்பறம் ரெண்டு நாளு சோறு திங்கல. மூணாம் நாளு தின்னாரு. பசி உடுமா?

— உடாது.

— அதுக்கு மறுவாரம் அவன் பொண்டாட்டி வந்துட்டா இங்க. இடுப்புல ஒரு கொழந்த, மூக்கு ஒழுவிக்கினு. இதே எடத்துல உழுந்து, எங்க ஊட்டுக்காரரு உங்க பட்டறையிலதான கத்தி குடுத்தாரு, ஒரு வார்த்த சொல்லுங்கம்மா, ஒரு வார்த்தன்னு ஒப்பாரி. கடை முன்னால கூட்டம் கூடுது. யாவாரம் பண்ற எடமா, எழவு ஊடா? அதோ அந்த சாணைத் தொட்டி இருக்கே, துரு, சேறு எல்லாம் ஊறிக் கெடக்கும், அதுலேருந்து ஒரு வாளி மொண்டு தலையோட ஊத்துனேன். கொழந்த மேலயும்தான் ஊத்திட்டுது. நான் என்னா பண்றது, எறக்கி உட்டுட்டு வந்திருக்கணும். எந்திரிச்சி போனவதான், திரும்பிப் பாக்கல.

— சாணைத் தொட்டித் தண்ணியாம்மா?

— ஆமா. ஏன் கேக்கற?

— ஒண்ணுமில்லம்மா. ஒண்ணு வௌங்காம இருந்துது. இப்ப வௌங்கிப் போச்சி.

— அந்தாண்டப் பாத்துக்கினே இருக்க, பொண்டாட்டி கூப்புட்றாளா?

— இல்லம்மா. அது இந்தப் பக்கம் பாக்கறதே இல்ல.

— சரி, கத்திய முடிச்சிக்கலாமா?

— முடிச்சிக்கலாம்மா. ஒண்ணே ஒண்ணு. எடங்கைக் கத்தி ரெண்டுதான் அடிச்சதுன்னீங்க. ஒண்ணு மண்ணாங்கட்டிது. இன்னொண்ணு?

— அண்ணே, நீ கத்தி வாங்க வந்தியா, கதை கேக்க வந்தியா? ஜல்தியா எடுத்துக்கினு கெளம்பு. லாரி போயிடும்.

— அவன் கெடக்கறான், நீ கேளு. எங்கியோ போற ஆளு நீ, உன்கிட்ட சொன்னா என்னா. நீ போயி சொன்னாதான் யாரு கேக்கப் போறா? ஒனக்கு ஒரு தம்பி இருந்தா, அம்மா இல்லாம நீயே ஒரு வயசுலேருந்து தூக்கி வளத்த தம்பி இருந்தா, அவன் மேல அந்த ஆனந்தராஜு டிராக்டர் மோதுன கோவத்துல போயி ஒரு கிறுக்குத்தனம் பண்ணிட்டு வந்து கால்ல உழுந்தா, நீ என்னா பண்ணுவ?

— நானும் யாரு பேரையாச்சும்தான் சொல்லியிருப்பேன்.

— பாத்தியாடா? ஞாயம் தெரிஞ்ச ஆளு. அதத்தான் நானும் பண்ணேன். எவனோ ஒருத்தன்தான போறான்.

— அப்ப அந்த மண்ணாங்கட்டி கத்திய பட்டறையில குடுத்தது நெசந்தானா?

— அட கூறு கெட்டவனே, இவ்ளோ நேரம் எத வெச்சிக்கினு வெட்டுன? உன் கையில இருக்கறது என்னான்னு நெனைச்ச?

— இதுவாம்மா?

— போலீசு போனன்னைக்கே அந்தப் பக்கத்த மழுக்கிட்டோம். பழைய பிடிய அடுப்புல வெச்சிட்டோம். அதுல பூவரசம் பிடி போட்டிருந்தான் அவன், உள்ளங்கை பட்டுப் பட்டு கண்ணாடி மாதிரி தேஞ்சிருந்துது. நல்லா எரிஞ்சிது.

— நல்ல வேலைப்பாடும்மா. அடையாளமே தெரியல.

— தெரியாது. பெத்தவனே பாத்தாலும் தெரியாது.

— அடியில, காம்புகிட்ட, அரை வட்டமா ஒரு ஓட்டை இருக்குதே?

— அது பட்டைக்கு நடுவுல போல்ட்டு போட்ற ஓட்டைப்பா. அறுக்கும்போது பாதி வந்துட்டுது. அத ஒண்ணும் பண்ண முடியாது. வேலைக்கு கெடுதல் இல்ல.

— இல்லம்மா. கெடுதல் இல்ல. இதையே எடுத்துக்கறேன்.

— எடுத்துக்க. ராசியான கத்தி. எப்பிடி எடுத்துக்கினு போவ? சைக்கிள் டியூப்ல உறை தெச்சி வெச்சிருக்கேன், இதப் போடு. இடுப்புல மட்டும் சொருகாத. முன்னாலயும் வேணாம், பின்னாலயும் வேணாம். வண்டியில போனா உழுந்து குத்திக்குவன்னு சொல்லல. இடுப்புல கத்தி இருந்தா, கோவம் வந்தா கையி நேரா அங்கதான் போவும். இதோ நிக்கறானே, இவன் அப்பிடித்தான் போனான்.

— அக்கா, போதும் உடுக்கா.

— சோத்துக்கூடைல போடு. தூக்குச்சட்டிக்கு மேல, பிடி வெளில தெரியற மாதிரி. போலீசு நிறுத்துனா அவன் கேக்கறதுக்கு முன்ன நீயே எடுத்துக் காட்டு. ஒளிச்சி வெச்சா ஆயுதம்பான், வெளிய தெரிஞ்சா கூலிக்காரக் கத்திம்பான். கூடையிலேருந்து உறையக் கழட்டி எடுக்கறதுக்குள்ள பாதி கோவம் எறங்கிடும். தெரிதா?

— தெரியும்மா. பாதி எறங்கிடும்.

— பேரு போட்டுத் தரணும். டேய், கம்பிய காய வையி.

— பேரு எதுக்கும்மா?

— அந்தக் கேஸுக்கப்பறம் ஸ்டேஷன்ல சொல்லிட்டாங்க, இனிமே எவன் வாங்குனாலும் பிடியில பேரு சுட்டுத்தான் குடுக்கணும்னு. அடுத்த தடவ தேடி அலைய வேணாம் பாரு. பேர சொல்லு, இவன் கம்பியால சுட்டுக் குடுப்பான்.

— அக்கா, நீ சாக்பீஸ்ல எழுதிக் காட்டு. பாத்து சுட்றேன். எனுக்குதான் படிக்க வராதே.

— நானே எழுதறேம்மா. சாக்பீஸ் குடுங்க.

— அட, உனக்கு எழுத்து தெரியுமா? பாத்தா தெரியல.

— இப்பதாம்மா கத்துக்கினேன். ஒரு எடத்துல ரெண்டு வருஷம் சும்மா ஒக்காத்தி வெச்சிருந்தாங்க. எம் பேரு போட்டு காயிதம் காயிதமா எழுதி வெச்சிருந்தாங்க, அதுல என்னாதான் எழுதியிருக்குன்னு நானே படிக்கணும்னு தோணிச்சி. மொதமொத எழுத வந்தது எம் பேருதான்.

— நல்லதுதான். சரி, கத்திய பலகை மேல வையி, எழுதிட்டு எடுத்துக்க.

— கத்தி மடியிலியே இருக்கட்டும்மா. பலகையிலதான எழுதப் போறேன்.

— அண்ணே, இன்னாண்ணே இவ்ளோ நீளமா போவுது? எல்லாரும் ரெண்டு எழுத்துதான் போடுவாங்க.

— முழுசா போடுப்பா. பாதி பேரு போட்டா வேற எவனாச்சும் மாட்டிக்குவான்.

— எழுத்து கோணிக்கினு கீது. கம்பி செவந்துடுச்சி, முடிச்சிட்டியா? கத்தியக் குடு.

— கைக்குக் கை குடுக்கக் கூடாதுன்னு உங்க அக்காதான் சொல்லுச்சி.

— அப்ப பலகை மேல வையி.

— பேர மொதல்ல படிங்க. அப்பறம் வெக்கறேன்.

— அக்கா, இன்னாக்கா எழுதிக் கீது? சொல்லு... அக்கா? ஏன் பின்னால போற? தொட்டி கீது பாத்து!

— ஏம்பா... உன் லாரி ஹாரன் அடிக்குது பாரு. நீ கெளம்பு. பேருல்லாம் வேணாம். கத்திய சும்மாவே எடுத்துக்கினு போ.

— அடிக்கட்டும்மா.

— உம் பொண்டாட்டி எந்திரிச்சி நின்னு இங்கியே பாக்குது. போப்பா. போ சாமி, லாரி போயிடும்.

— போவட்டும். பாக்கட்டும்.

— அக்கா, கம்பி ஆறுதுக்கா! ஒரு பேரு படிக்க இவ்ளோ நேரமா? ஏன் மூஞ்சி வெளுத்துப் போச்சி உனுக்கு?

— டேய் வல்லரசு, நீ உள்ள போடா. பின்பக்கமா போயிடு, போ!

— எதுக்கு? இன்னா பேரு அது, சொல்லேங்கா!

— படிம்மா, தம்பி கேக்குதுல்ல. அன்னைக்கி நாக்கு கூசாம சொன்ன பேருதான்.